கண்ணுக்குள் இருக்கும் ‘பிசிர்’ எது? பழைய காயமுள்ளவர்கள் அறிய வேண்டிய சில சொற்கள்

போரில் காயப்பட்டு உயிர் தப்பியவர்களின் வீடுகளில் ஒரு பொலித்தீன் பை இருக்கும். அடையாள அட்டைப் பிரதி, பழைய எக்ஸ்-ரே, மடித்து மடித்துக் கிழிந்த கிளினிக் துண்டுகள் எல்லாம் அதற்குள்தான். உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் உள்ள மூத்தவர்கள் சிலர் அந்தப் பையோடு என்னிடம் வருவதுண்டு. நான் மருத்துவன் அல்லன். ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை வாசித்துச் சொல்வேன், அவ்வளவுதான். கண்ணில் அடிபட்டவர்களின் துண்டுகளில் அடிக்கடி வரும் சொல் ‘சிலியரி’. “தம்பி, இது என்ன வருத்தம்?” என்று கேட்பார்கள். அது வருத்தத்தின் பெயரல்ல, கண்ணின் ஒரு பகுதியின் பெயர்.

ஒரு சொல், மூன்று பொருள்

‘சிலியம்’ என்பது லத்தீன் சொல். முதலில் கண்ணிமையையும் பின்னர் இமை மயிரையும் குறித்தது. அதன் பன்மை ‘சிலியா’. மருத்துவத்தில் இந்தச் சொல் மூன்று வேறு பொருள்களுக்கு வழங்குகிறது.

முதலாவது, இமை மயிர். அது உள்நோக்கி வளர்ந்தால் கருவிழியை உரசிப் புண்ணாக்கும். அதன் அடியிலுள்ள சுரப்பிகளில் கிருமி தொற்றினால் வருவதுதான் கண்கட்டி.

இரண்டாவது, கலங்களின் மேற்பரப்பிலிருந்து நீளும், நுணுக்குக்காட்டியில் மட்டுமே தெரியும் நுண்ணிழைகள். மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளுபவை இவையே. விழித்திரையில் ஒளியை உணரும் ஒவ்வொரு கலத்திலும் இப்படியொரு இழை உண்டு. அதில் பிறவிக் குறை இருந்தால் மாலைக்கண்ணில் தொடங்கும் சில பரம்பரை நோய்கள் வரலாம்.

மூன்றாவதுதான் கிளினிக் துண்டில் வரும் ‘சிலியரி உடல்’. இதில் மயிரே கிடையாது. கண்மணியைச் சூழ்ந்த நிறத்திரைக்குப் பின்னால், ஏறக்குறைய 6 மி.மீ. அகலத்தில் வளையமாக அமைந்த தசையும் மடிப்புகளும் கொண்ட பகுதி இது. இதன் உட்புறத்தில் சுமார் 70 மடிப்புகள் வரிசையாக நீட்டி நிற்கின்றன. பழைய உடற்கூற்றியலாளர்களுக்கு அவை இமை மயிர் வரிசைபோலத் தெரிந்ததால் இந்தப் பெயர் வந்தது.

இலங்கைத் தமிழில் நுண்ணிழைக்குப் ‘பிசிர்’ என்கிறோம். துணி ஓரத்தில் பிரிந்து நிற்கும் நூலுக்கும் அதே பெயர் என்பதால் யாருக்கும் விளங்கும். அதையொட்டியே பிசிருடல், பிசிர்த்தசை என்ற சொற்களும் வழங்குகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘சிலியரித் தசைகள்’ என்றே எழுதுகின்றன. எதைச் சொன்னாலும், கண்ணுக்குள் மயிரோ நூலோ இருப்பதாக நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை.

மேலைநாட்டு உடற்கூற்றியலைத் தமிழில் சொல்லும் முயற்சி எங்கள் மண்ணில் புதிதல்ல. 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், யாழ்ப்பாணம் மானிப்பாயில் இருந்து மருத்துவம் கற்பித்தார். 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். மாணவர்களோடு சேர்ந்து நூல்களை மொழிபெயர்த்தார். ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வெளிவந்தது. தமிழில் சொல் கிடைக்காதபோது வடமொழியையும், அதுவும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லின் ஒலியையும் அவர் எடுத்துக்கொண்டார். நோயாளிக்கும் வைத்தியருக்கும் இடையில் மொழி சுவராக நிற்கக்கூடாது என்ற தேவை இன்றும் தீரவில்லை.

இரண்டு வேலைகள்

பிசிருடலுக்கு முக்கியமான வேலைகள் இரண்டு. ஒன்று, பார்வையைக் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் மாற்றுவது. கண்ணின் வில்லை மெல்லிய நார்களால் இந்த வளையத்தில் தொங்குகிறது. தசை சுருங்கினால் வளையம் ஒடுங்கும், நார்கள் தளரும், வில்லை தடித்துக் கிட்டப் பொருள் தெளிவாகும். நாற்பது வயதுக்குப் பின் வில்லை இறுகிப்போவதால் தசை சுருங்கினாலும் பயன் குறைகிறது. அதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம்.

மற்றது, கண்ணின் முன்பகுதியை நிரப்பும் தெளிந்த நீரைச் சுரப்பது. நிமிடத்துக்கு 2 முதல் 3 மைக்ரோ லீற்றர் வரை சுரக்கும். அது கண்மணியினூடாக முன்னால் வந்து, நிறத்திரையும் கருவிழியும் சந்திக்கும் மூலையிலுள்ள சல்லடை போன்ற வழியால் வெளியேறும். வருவதும் போவதும் சமமாக இருந்தால் அழுத்தம் சரியாக இருக்கும். வழி அடைபட்டால் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும். அதுவே குளுக்கோமா.

காயத்துக்குப் பின்

எறிகணை அதிர்விலோ துவக்குப் பிடியாலோ கண்ணில் பலமாக அடிபட்டால், வெளியே காயம் தெரியாமலே பிசிர்த்தசை உள்ளே கிழிந்திருக்கலாம். கிழிந்த மூலை ஆறும்போது நீர் வெளியேறும் வழி மெல்ல மெல்லப் பழுதடையக்கூடும். அடிபட்டுப் பல ஆண்டுகள், சிலருக்குப் பத்து இருபது ஆண்டுகள் கழித்தும் குளுக்கோமா வரலாம். பெரும்பாலும் நோவு இருக்காது, ஓரப்பார்வையே முதலில் குறையும். இழந்த பார்வை திரும்பாது. ஆனால் நேரத்தோடு கண்டுபிடித்தால் மருந்துத் துளிகளால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். ஆகவே, “அது ஆறின காயம்தானே” என்று விட்டுவிடக்கூடாது.

சிதறல் துண்டு துளைத்து ஒரு கண் பழுதானவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அரிதாக, உடலின் எதிர்ப்புச் சக்தியே நல்ல கண்ணையும் தாக்குவதுண்டு. இது பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள் வரும், பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். நல்ல கண் மங்கினால், வெளிச்சம் பார்க்கக் கூசினால், கருவிழியைச் சுற்றி வளையமாகச் சிவந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இரும்புத் துண்டு கண்ணிலோ உடலிலோ இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் கட்டாயம் சொல்லுங்கள். அந்த இயந்திரத்தின் காந்தம் துண்டை இழுத்து அசைத்துவிடும்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது ஒரு தாளில் நான்கு விடயங்களைத் தமிழில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்தக் கண், எந்த ஆண்டு, எதனால் அடிபட்டது, துண்டு எடுக்கப்பட்டதா இல்லையா. பிறகு இரண்டு கேள்விகள் கேளுங்கள்: “கண் அழுத்தம் எவ்வளவு? நீர் வெளியேறும் மூலையைப் பார்த்தீர்களா?” வருடம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். தாளைப் பொலித்தீன் பையிலேயே வையுங்கள், அடுத்த வருடமும் தேவைப்படும்.