கம்ப்யூட்டர் மந்தமா? பிரிண்டர் மென்பொருளையும் பாருங்கள்!

பில் போடும் கம்ப்யூட்டர் மந்தமாகிவிட்டால், "பழசாகிவிட்டது, புதிதாக வாங்க வேண்டியதுதான்" என்ற முடிவுக்கு நாம் உடனே வந்துவிடுகிறோம். பணத்தை எடுத்து வைக்குமுன் பிரிண்டருக்காக ஏற்றிய மென்பொருளையும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது. கோளாறு அங்கே இருந்தால் காசு செலவில்லாமலேயே சரிசெய்துவிடலாம்.

நாம் போடும் பில் நேராகப் பிரிண்டருக்குப் போவதில்லை. விண்டோஸில் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்றொரு பகுதி உண்டு. கடையில் பொட்டலம் கட்டுபவர் சீட்டுகளை வரிசையாக வாங்கி வைத்துக்கொள்வதுபோல, அது பில்களை வாங்கி வைத்து ஒவ்வொன்றாகப் பிரிண்டருக்கு அனுப்புகிறது. முதல் சீட்டு சிக்கினால் பின்னால் உள்ளவை எல்லாம் நின்றுவிடும். சில சமயம் ஸ்பூலர் ஓயாமல் முயன்றுகொண்டே இருப்பதால் கம்ப்யூட்டரும் திணறும்.

இந்த நேரத்தில்தான் கூட்ட அவசரத்தில் அதே சரக்குக்கு மறுபடி புது பில் போட்டுவிடுகிறோம். அடைப்பு நீங்கியதும் இரண்டும் அச்சாகி வரும். இருப்புக் கணக்கும் ஜி.எஸ்.டி. கணக்கும் பிசகிவிடும். ஆகவே புது பில் போடாமல், போட்ட பில்லையே மறுபடி அச்சிடும் வசதியைப் பயன்படுத்த வேண்டும்.

செய்ய வேண்டியவை:

1. முதலில் பேப்பர், கேபிள், சுவிட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். பிறகு பிரிண்டர் வரிசையைத் திறந்து, தேங்கிய பில்களை ரத்து செய்யுங்கள்.

2. ரத்து ஆகாவிட்டால் 'சர்வீசஸ்' பகுதியில் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை நிறுத்துங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று வரிசையாகத் திறந்து, கடைசி ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபைல்களை மட்டும் நீக்குங்கள். பிறகு மறவாமல் ஸ்பூலரை மீண்டும் இயக்குங்கள். இல்லையேல் எதுவும் அச்சாகாது.

3. பிரிண்டருடன் வரும் மென்பொருளில் டிரைவர் ஒன்றுதான் அவசியம். மை அளவு காட்டுவது, மை வாங்கச் சொல்வது போன்ற துணை நிரல்கள் கம்ப்யூட்டரைப் போட்டவுடனே கிளம்பி நினைவகத்தை அடைத்துக்கொள்ளும். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பகுதியில் அவற்றை நிறுத்திவிடலாம்.

4. விற்றுவிட்ட அல்லது பழுதான பிரிண்டரின் பெயர் பட்டியலில் இருந்தால் எடுத்துவிடுங்கள். அதுவே முதன்மைப் பிரிண்டராக இருந்தால், இல்லாத பிரிண்டரைத் தேடியே பில் மென்பொருள் தாமதமாகும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் முதன்மைப் பிரிண்டரை விண்டோஸே தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. அதை அணைத்து, பில் பிரிண்டரை நாமே குறித்து வைப்பது உத்தமம்.

5. டிரைவரை, தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள்.

கம்ப்யூட்டர் வேகமாக இருக்கட்டும் என்று விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைப்பது ஆபத்து. 2021ஆம் ஆண்டில் இதே ஸ்பூலரில் 'பிரிண்ட்நைட்மேர்' என்ற பெரிய ஓட்டை வெளிப்பட்டது. அதன் வழியே அந்நியர் கம்ப்யூட்டரைத் தம் வசப்படுத்த முடியும் என்பதால், மைக்ரோசாஃப்ட் ஜூலை மாதம் அவசரத் திருத்தம் வெளியிட்டது. அப்டேட் நிறுத்தப்பட்ட கம்ப்யூட்டருக்கு அத்தகைய திருத்தம் போய்ச் சேராது.

எதைத் தொடும் முன்பும் கணக்குகளுக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வேலைகளை வியாபாரம் முடிந்த பிறகு, கடை அடைக்கும் நேரத்தில் செய்வதே நல்லது. இந்தப் பக்கத்தை வெட்டிக் கல்லா அருகே ஒட்டி வைத்தால், ஊழியர்களுக்கும் பயன்படும்.