தூங்கி எழுந்தாலும் தீராத அசதி

அமெரிக்கரான கிறிஸ்டின் மிசெராண்டினோவுக்கு லூபஸ். ஓர் உணவகத்தில் எதிரே அமர்ந்திருந்த தோழி, அந்த நோயோடு வாழ்வது எப்படி இருக்கும் என்று கேட்டார். வலி, மாத்திரை என்று எதைச் சொல்லியும் அவருக்குப் பிடிபடவில்லை. பக்கத்து மேசைகளில் கிடந்த ஸ்பூன்களைத் திரட்டி அவர் கையில் கொடுத்தார் கிறிஸ்டின். மொத்தம் 12. ஒரு நாளைக்கு உள்ள தெம்பு அவ்வளவுதான். எழுந்தால் ஒன்று, குளித்தால் ஒன்று, உடை மாற்றினால் ஒன்று என்று திரும்ப வாங்கிக்கொண்டே வந்தார். கற்பனையில் வேலைக்குப் போய்ச் சேரும் முன்பே தோழியிடம் ஆறுதான் மிச்சம். 2003-ல் கிறிஸ்டின் இதை எழுதினார். இன்று நாள்பட்ட நோயுள்ள பலர் தங்கள் தெம்பை ஸ்பூன் கணக்கில்தான் சொல்கிறார்கள்.

நோய்க்கிருமியோடு போராட வேண்டிய எதிர்ப்பு சக்தி, சொந்த உடம்பையே தாக்குவதுதான் லூபஸ். மூட்டு, தோல், சிறுநீரகம் என எதையும் அது விட்டுவைப்பதில்லை. பாதிக்கப்படுவோரில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். அதிலும் பெரும்பாலோர் படிப்பு, வேலை, கல்யாணம், குழந்தை என்று ஓடும் வயதினர். கன்னத்தில் தடிப்பு வந்தால் மற்றவர் கண்ணுக்குத் தெரியும். அசதி தெரியாது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தவர், தலை பின்னக் கையைத் தூக்க முடியாமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பார். ‘பார்க்க நல்லாத்தானே இருக்கே?’ என்று வீட்டார் கேட்பது, நோயைவிட அதிகமாக வலிக்கும்.

இந்த அசதிக்குக் காரணம் ஒன்றல்ல. நோய் சீறும்போது உடம்பெங்கும் ஏற்படும் அழற்சி ஒரு காரணம். ஆனால் ரத்தப் பரிசோதனையில் நோய் அடங்கியிருப்பதாகத் தெரியும்போதும் அசதி நீடிக்கலாம். அப்போது வேறு இடங்களில் தேட வேண்டும்: ரத்தசோகை, தைராய்டு குறைவு, தூக்கக் கோளாறு, மனச்சோர்வு. வெயில் பட்டால் நோய் கிளம்பும் என்பதால் பலர் வெயிலைத் தவிர்ப்பார்கள். அதனால் வைட்டமின் டி குறைந்திருக்கலாம். ஸ்டீராய்டு மாத்திரையை மாலையில் போட்டால் இரவுத் தூக்கம் கெடும். இவற்றில் பலவும் சரிசெய்யக்கூடியவை. ‘லூபஸ் என்றால் அப்படித்தான் இருக்கும்’ என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடக் கூடாது.

அசதியோடு இருப்பவரை நடக்கச் சொல்வது கொடுமையாகத் தோன்றும். ஆனால் படுத்தே கிடந்தால் தசை தளர்ந்து களைப்பு கூடும். வாதநோய்ச் சங்கங்களின் ஐரோப்பியக் கூட்டமைப்பு 2023-ல் தந்த பரிந்துரையும், உடலுக்கேற்ற உடற்பயிற்சியையும் மனநல ஆலோசனையையும் முன்வைக்கிறது. வெயில் தாழ்ந்த பிறகு பத்து நிமிட நடை போதும். பழகப் பழகக் கூட்டிக்கொள்ளலாம். நோய் சீறும் நாட்களில் குறைத்துக்கொள்வதில் தவறில்லை.

அசதியைச் சமாளிக்க இன்னொரு வழி, தெம்பைப் பங்கிடுவது. அமெரிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ’கானர் லூபஸோடு தாயின் பண்ணை வீட்டில் வாழ்ந்தார். தெம்பு இருக்கும் காலை நேரத்தின் சில மணி நேரத்தை எழுத்துக்கென்றே ஒதுக்கி, மற்றதைக் குறைத்துக்கொண்டார். 1964-ல், 39 வயதில் இறந்தபோது இரண்டு நாவல்களையும் முப்பதுக்கு மேற்பட்ட சிறுகதைகளையும் விட்டுச்சென்றார். எல்லா வீட்டிலும் இப்படி ஒதுங்க வாய்ப்பில்லைதான். ஆனாலும் உட்கார்ந்து காய் நறுக்கலாம். துணி துவைப்பதையும் வீடு துடைப்பதையும் வெவ்வேறு நாளில் வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் தெம்பாக இருக்கும் நாளில் நிலுவை வேலை எல்லாவற்றையும் முடிக்கப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. அடுத்த இரண்டு நாள் படுக்கையில் போகும்.

அசதியோடு காய்ச்சல், கால் வீக்கம், நுரைத்த சிறுநீர், மூச்சுத்திணறல் இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். தெம்பு வந்துவிட்டது என்று லூபஸுக்குத் தரும் ஸ்டீராய்டையோ ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டில் லூபஸ் உள்ளவர் இருந்தால், அவர் கேட்கும் முன்பே ஒரு வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.