கைகாட்டியின் முதுகும் கூட்ஸ் வண்டியின் வாலும்

அப்பா கார்டன் ரீச்சில், தென்கிழக்கு ரயில்வே தலைமை அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் எங்கள் வீட்டில் சோற்றோடு ரயில் பேச்சும் உண்டு. அந்தப் பழக்கம்தான் என் கையில் கேமராவைக் கொடுத்தது. ராஜதானி, கோரமண்டல் எல்லாம் எனக்கு வேண்டாம். கூட்ஸ் வண்டி வேண்டும், அதுவும் கைகாட்டி மரத்துக்குக் கீழே.

ஹவுராவைச் சுற்றி அது கிடைக்காது. அங்கிருந்து ஷேவ்ராபுலி வரை 1957லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. மின்கம்பி வந்தால் கைகாட்டி போய்விடும். வரிசையாக நட்ட இரும்புத் தூண்களுக்கு நடுவே ஓட்டுநருக்குக் கை எங்கே தெரியும்? அதனால் கம்பி வராத கிளைப் பாதைகளைத் தேடிப் போனேன்.

கேபினில் லீவரை இழுத்தால், தண்டவாளத்தோரம் ஓடும் கம்பி இழுபட்டுக் கை கீழே சாயும். சாய்ந்தால் போகலாம், கிடையாக நின்றால் நிற்க வேண்டும். கம்பி அறுந்துபோனாலும் எதிர்எடையின் பாரத்தில் கை தானாகவே கிடைநிலைக்கு வந்துவிடும். பழுதானால் வண்டி நிற்கும்படி யோசித்துச் செய்திருக்கிறார்கள். இரவுக்கு மண்ணெண்ணெய் விளக்கு. அதன் பச்சைக் கண்ணாடியைப் பகலில் பார்த்தால் நீலம் பாரித்திருக்கும். சுடரின் மஞ்சள் சேர்ந்தால்தான் பச்சை.

படம் எடுப்பவனுக்கு ஒரு சிக்கல் உண்டு. கையின் சிவப்பு முகம் வரும் வண்டியைப் பார்த்திருக்கும். முதுகு வெள்ளை, அதில் ஒரு கறுப்புப் பட்டை. எஞ்சினை எதிர்கொண்டு நின்றால் கையின் முதுகுதான் படத்தில் விழும். சிவப்பு வேண்டுமென்றால் வண்டியின் வாலோடு திருப்திப்பட வேண்டும். பெரும்பாலோர் எஞ்சின் பக்கம் போவார்கள். நான் வால் கட்சி.

அதற்கு கூட்ஸ்தான் தோது. 58 நிலக்கரி வேகன்கள் கோத்த வண்டி 600 மீட்டருக்கு மேல் நீளும். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓர் இடத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நிமிடம். அது முழுக்கத் தாண்டும்வரை ஹோம் சிக்னலின் கை சாய்ந்தே இருக்கும். ஒளியைப் பார்த்து, கோணத்தை மாற்றி, மறுபடி எடுக்கலாம். கடைசியில் பிரேக் வேன், அதில் பச்சைக் கொடியோடு கார்டு. அவர் போனதும் கை சடாரென்று மேலே எழும்பும். எக்ஸ்பிரஸ் இவ்வளவு அவகாசம் தருமா?

லூப் லைனில் ஒதுக்கிய கூட்ஸ் இன்னும் நல்லது. பயணிகள் வண்டிகளெல்லாம் போகும்வரை அசையாது. வெயில் சாயும்வரை காத்திருக்கலாம். நிற்பது மட்டும் நடைமேடையிலோ மேம்பாலத்திலோ இருக்கட்டும். தண்டவாளப் பகுதியில் அத்துமீறி நுழைந்தால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

அமெரிக்காவில் ஓ. வின்ஸ்டன் லிங்க் 1950களின் பிற்பாதியில் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் பாதையின் கடைசி நீராவி எஞ்சின்களை, வரிசை வரிசையாக ஃபிளாஷ் பல்புகள் கட்டி இரவில் எடுத்தார். எனக்கு அவ்வளவு வசதியும் இல்லை, பொறுமையும் இல்லை.

நான் தேடிப்போன கிளைப் பாதைகளுக்கும் மின்கம்பி வந்துவிட்டது. இப்போது டான்குனிப் பக்கத்து மேம்பாலத்தில் நின்று பிரேக் வேன்களை எடுக்கிறேன். 2022லிருந்து கார்டு 'டிரெயின் மேனேஜர்' ஆகிவிட்டார். பிரேக் வேனுக்குப் பதிலாகக் கடைசி வேகனில் மாட்டும் கருவியும் வந்தாயிற்று.