கால்சியம் இல்லன்னா ஒட்டாது: ஈ-கேட்ஹெரின் கதை

திருப்பாலைக்குடி வீட்டு மொட்டை மாடியில இருந்து பேசுறேன், கடல் காத்து சத்தம் வந்தா பொறுத்துக்கோங்க.

"என் மெஷின்ல ஓடுதே!" நம்ம ஆபீஸ்ல தினமும் கேக்குற வசனம். 1970-களில் மசதோஷி தகேய்ச்சிக்கும் இதேதான் நடந்தது. பிரித்தெடுத்த செல்கள் கியோட்டோவில் திரும்ப ஒட்டின. அமெரிக்கா, பால்டிமோர் ஆய்வகத்தில் ஒட்டவே இல்லை. நோண்டிப் பார்த்தா, செல்களைப் பிரிக்க அங்கே பயன்படுத்திய ட்ரிப்சினில் ஈடிடிஏ கலந்திருந்தது. அது கால்சியத்தை இழுத்துக்கொள்ளும். கால்சியம் போனால் செல் மேலிருக்கும் ஒட்டுப் புரதம் தளர்ந்துவிடும். ட்ரிப்சின் அதை வெட்டிவிடும். கால்சியம் இருந்தால் வெட்ட முடியாது. செம பக், இல்ல? அந்தப் புரதம்தான் கேட்ஹெரின்.

1987-ல் எலியின் ஈ-கேட்ஹெரின் மரபணுவை, ஒன்றோடொன்று ஒட்டாத செல்களுக்குள் போட்டார்கள். அவை ஒட்ட ஆரம்பித்தன. இப்போ அந்தப் புரதத்தின் வெளிப்பகுதியை மட்டும் வேறு செல்களில் தயாரித்து, பவுடராக விற்கிறார்கள். தட்டில் பூசினால், எலி ஸ்டெம் செல்கள் பக்கத்து செல்னு நினைச்சுப் பிடிச்சுக்கும்.

இவ்வளவு மெனக்கெடல் எதுக்கு? 1998-ல், வயிற்றுப் புற்றுநோய் பரம்பரையாக வந்த மாவோரி குடும்பங்களில் பழுதாக இருந்தது இதே மரபணுதான்.

பயோடெக் படிக்கிற என் தங்கச்சி தட்டுல ரெண்டு வாரமா செல் நிக்கல. "கழுவுற பஃபர்ல என்ன இருக்கு?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "ஈடிடிஏ, அண்ணா."