காரைக்காலில் இணையத் தனியுரிமை

இணையத் தனியுரிமை என்பது ஒருவர் தம்மைப் பற்றிய தகவல்களை இணையத்திலும் செல்பேசியிலும் யார், எதற்காக, எவ்வளவு காலம் பயன்படுத்தலாம் என்பதைத் தாமே தீர்மானிக்கும் உரிமை ஆகும். பெயர், முகவரி, செல்பேசி எண், ஒளிப்படம், வங்கிக் கணக்கு விவரம், இருப்பிடம், உரையாடல்கள் ஆகியன இத்தகைய தகவல்களுள் அடங்கும். 2021ஆம் ஆண்டு, காரைக்காலையும் உள்ளடக்கிய புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் சட்டப்பேரவைத் தேர்தலின்போது, வாக்காளர்களின் செல்பேசி எண்கள் ஓர் அரசியல் கட்சிக்கு எவ்வாறு கிடைத்தன என்னும் கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்தில் எழுந்தது. ஓர் இடத்தில் ஒரு தேவைக்காகக் கொடுத்த தகவல் வேறோர் இடத்தில் வேறொரு தேவைக்குப் பயன்படுவதே தனியுரிமைச் சிக்கலின் மையம் என்பதை அவ்வழக்கு எடுத்துக்காட்டுகிறது.

பின்னணி

காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நான்கு வட்டாரங்களுள் ஒன்று. புதுச்சேரி, மாகே, ஏனாம் ஆகியவை ஏனைய மூன்றும் ஆகும். காவிரிக் கழிமுகத்தில், வங்காள விரிகுடாக் கரையில் அமைந்துள்ள இவ்வட்டாரத்தின் நிலப்பக்கம் முழுவதும் தமிழ்நாட்டு மாவட்டங்களால் சூழப்பட்டுள்ளது. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்திய நிருவாகத்தின் கீழ் வந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு சுமார் 2 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர்.

நெடுங்காடு, திருநள்ளாறு, காரைக்கால் வடக்கு, காரைக்கால் தெற்கு, நிரவி-திருமலைராயன்பட்டினம் ஆகிய ஐந்து சட்டப்பேரவைத் தொகுதிகள் இங்கு உள்ளன. இவை மிகச் சிறியவை. 2021இல் புதுச்சேரியின் 30 தொகுதிகளிலும் சேர்த்துச் சுமார் 10 இலட்சம் வாக்காளர்களே இருந்தனர். அதாவது ஒரு தொகுதிக்குச் சராசரியாக 33 ஆயிரம் பேர். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் ஒரு தொகுதியின் சராசரி இரண்டரை இலட்சத்துக்கும் மேல். தொகுதி சிறிதாக இருக்கும்போது ஒருவரின் எண்ணுடன் அவரது வாக்குச்சாவடியும் தெரிந்தால் அவர் எந்தத் தெருவினர் என்பதைக் கூட எளிதில் அறிந்துவிடலாம். பெருநகரத்தில் கூட்டத்தோடு கூட்டமாக மறைந்திருக்கும் வாய்ப்பு இங்கு குறைவு.

அரசுத் திட்டங்களும் எண்களையும் கணக்குகளையும் ஒன்றோடொன்று பிணைத்துள்ளன. எடுத்துக்காட்டாக, நியாயவிலைப் பொருட்களுக்கு மாற்றாக உணவு மானியத்தைப் பயனாளியின் வங்கிக் கணக்கில் பணமாகச் செலுத்தும் முறை 2015 செப்டம்பரில் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது.

2021 குறுஞ்செய்தி வழக்கு

புதுச்சேரிச் சட்டப்பேரவைக்கு 2021 ஏப்ரல் 6 அன்று வாக்குப்பதிவு நடைபெற்றது. அதற்கு முன்னர், இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தின் புதுச்சேரித் தலைவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு ஒன்றைத் தாக்கல் செய்தார். வாக்காளர்களின் ஆதாருடன் இணைக்கப்பட்ட செல்பேசி எண்களுக்குப் பாரதிய ஜனதா கட்சியின் சார்பில் குறுஞ்செய்திகள் வந்ததாகவும், வாக்குச்சாவடி வாரியான வாட்சப் குழுக்களில் சேர்வதற்கான இணைப்புகள் அவற்றில் இருந்ததாகவும் மனுவில் குற்றஞ்சாட்டப்பட்டது. கட்சி இதனை மறுத்தது. எண்கள் தம் தொண்டர்களால் வீடு வீடாகச் சென்று திரட்டப்பட்டவை என்பது அதன் விளக்கம்.

தலைமை நீதிபதி சஞ்சிப் பானர்ஜி, நீதிபதி செந்தில்குமார் இராமமூர்த்தி ஆகியோர் மனுவை விசாரித்தனர். ஆதாருடன் இணைத்த எண்களுக்கு மட்டுமே செய்திகள் வந்தன என்னும் குற்றச்சாட்டு நம்பத்தக்கதாக இருப்பதாக அமர்வு கருதியது. மக்கள் ஒப்படைத்த விவரங்களின் பாதுகாப்புக் குறித்து, ஆதாரை நிருவகிக்கும் இந்தியத் தனித்துவ அடையாள ஆணையம் விளக்க வேண்டும் எனவும் கூறியது. தேர்தல் ஆணையமும் புதுச்சேரிக் காவல்துறையின் இணையக்குற்றப் பிரிவும் இதில் விசாரணை மேற்கொண்டன. தேர்தல் குறித்த நாளிலேயே நடந்து முடிந்தது.

செல்பேசி எண்ணின் முக்கியத்துவம்

கடவுச்சொல்லை மாற்றுவது எளிது. செல்பேசி எண்ணை மாற்றுவது எளிதன்று. வங்கி, சமையல் எரிவாயு, மருத்துவமனை, பள்ளி, கடை, கோயில் முன்பதிவு என ஒரே எண் பல இடங்களில் பதிவாகிறது. தனித்தனியே சிறியவையாகத் தோன்றும் பட்டியல்களை அந்த ஒரே எண்ணைக் கொண்டு இணைத்துவிட இயலும். அப்போது ஒருவரின் பெயர், வருவாய், நோய், வழிபாடு, அரசியல் சார்பு ஆகிய அனைத்தும் ஒரே வரியில் வந்து சேர்கின்றன. எனவே ஒரு தகவல் மையத் தரவுத்தளத்திலிருந்துதான் கசிய வேண்டும் என்பதில்லை. அடையாள அட்டையின் படியைப் பெற்றுக்கொள்ளும் எந்தக் கடையிலிருந்தும், எந்த அலுவலகத்திலிருந்தும் அது வெளியேறலாம்.

வெளிநாடு செல்வோர்க்கு மற்றொரு இடர் உண்டு. காரைக்காலிலிருந்து பிரான்சுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றுள்ளோர் பலர். ஊரில் வைத்திருந்த எண்ணுக்குப் பணம் செலுத்தாமல் விட்டால் அது துண்டிக்கப்படும். துண்டிக்கப்பட்ட எண், குறைந்தது 90 நாட்கள் கழிந்தபின் வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். பழைய எண்ணை வங்கிக் கணக்கிலிருந்தும் வாட்சப்பிலிருந்தும் நீக்காதிருந்தால், ஒருமுறைக் கடவுச்சொற்கள் முன்பின் அறியாத ஒருவரின் கைக்குச் செல்லக்கூடும்.

சட்ட நிலை

காரைக்காலுக்கெனத் தனியான தனியுரிமைச் சட்டம் இல்லை. நடுவண் அரசின் சட்டங்களே இங்கும் பொருந்தும். புதுச்சேரி முழுவதும் சென்னை உயர் நீதிமன்றத்தின் அதிகார எல்லைக்கு உட்பட்டது.

இந்தியாவில் இவ்வுரிமையின் வளர்ச்சியில் தமிழ்நாட்டு வழக்கொன்றுக்கு முக்கிய இடமுண்டு. சிறைக்கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது தொடர்பான வழக்கில், தனித்து விடப்படுவதற்கான உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என உச்ச நீதிமன்றம் 1994இல் கூறியது. 2017 ஆகத்து 24 அன்று, புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2018 செப்டம்பர் 26 அன்று வெளியான ஆதார் தீர்ப்பு, செல்பேசி இணைப்புக்கும் வங்கிக் கணக்குக்கும் ஆதாரைக் கட்டாயமாக்கியதைச் செல்லாது என அறிவித்தது.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 66இ பிரிவு, ஒருவரின் அந்தரங்க உறுப்புகளின் படத்தை அவரது இசைவின்றி எடுப்பதையும் பரப்புவதையும் குற்றமாக்குகிறது; இதற்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். அதே சட்டத்தின் 43அ பிரிவு, தகவலைக் காக்கத் தவறும் நிறுவனங்கள் இழப்பீடு வழங்க வேண்டும் என்கிறது. ஆயினும் அது வணிக அல்லது தொழில்சார் அமைப்புகளையே குறிப்பதால், அரசியல் கட்சிகளின் தரவுப் பயன்பாட்டுக்கு அதனைப் பொருத்துவது கடினம்.

இக்குறையை நிரப்பும் நோக்குடைய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகத்தில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. கூறிய நோக்கத்துக்கு மட்டுமே தகவலைப் பயன்படுத்துதல், இசைவைத் திரும்பப் பெறும் உரிமை, 18 வயதுக்குட்பட்டோர்க்குப் பெற்றோர் இசைவு ஆகியவற்றை இது வலியுறுத்துகிறது. தண்டம் 250 கோடி உரூபா வரை விதிக்கப்படலாம். இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; முதன்மையான கடமைகளுக்கு 18 மாத கால அவகாசம் அளிக்கப்பட்டது.

பாதுகாப்பு வழிமுறைகள்

எண்ணைப் பகிர்தல்: வாட்சப் உரையாடல்கள் 2016 முதல் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுகின்றன. எனினும் மறையாக்கம் செய்தியின் உள்ளடக்கத்தையே காக்கும். குழுவொன்றில் சேர்ந்தவரின் எண்ணை அது ஏனைய உறுப்பினர்களிடமிருந்து மறைப்பதில்லை. தம்மைக் குழுக்களில் யார் சேர்க்கலாம் என வரையறுக்கும் வசதி 2019 ஏப்ரலில் அறிமுகமானது. அதனைத் தொடர்புப் பட்டியலில் உள்ளோர்க்கு மட்டும் என அமைத்துக்கொள்ளல் நன்று. குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைச் சொடுக்கித் தாமே குழுவில் சேர்ந்தால் இவ்வமைப்பு உதவாது.

ஆதார்: 12 இலக்கங்களும் தெரியும் படிக்கு மாற்றாக, கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைப் பயன்படுத்தலாம். 16 இலக்க மெய்நிகர் அடையாள எண், கைரேகையைப் பூட்டி வைத்தல் ஆகிய வசதிகளும் உள்ளன. படியைக் கொடுக்கும்போது அதன் குறுக்கே நோக்கத்தையும் நாளையும் எழுதிக் கொடுப்பது, வேறு தேவைக்கு அப்படி பயன்படுவதைத் தடுக்க உதவும்.

செயலிகளின் அனுமதிகள்: ஆண்டிராய்டின் 6ஆம் பதிப்பிலிருந்து (2015) தொடர்புப் பட்டியல், ஒலிவாங்கி, இருப்பிடம் முதலியவற்றுக்குத் தனித்தனியே அனுமதி கேட்கப்படுகிறது. கைவிளக்குச் செயலிக்குத் தொடர்புப் பட்டியல் தேவையில்லை. தொடர்புப் பட்டியலைத் திறந்துவிடுபவர் தம்முடைய தகவலை மட்டுமன்றி, அதிலுள்ள அனைவரின் எண்களையும் அவர்களது இசைவின்றிக் கொடுத்துவிடுகிறார்.

கடவுச்சொற்கள்: ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறான, நீண்ட கடவுச்சொல் தேவை. வாட்சப்பிலும் மின்னஞ்சலிலும் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி வைத்தால், ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கைப்பற்றியவரும் கணக்கைத் திறக்க இயலாது.

பாதிப்பு ஏற்பட்டால்

பண இழப்பு நேர்ந்தால் 1930 என்னும் தேசிய உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் பல கணக்குகளுக்கு மாறுவதற்குள் அதனை முடக்கும் வாய்ப்பு தொடக்க மணிகளிலேயே மிகுதி. ஒருவரின் பெயரில் எத்தனை செல்பேசி இணைப்புகள் உள்ளன என்பதை, 2023 மே மாதம் தொடங்கப்பட்ட சஞ்சார் சாத்தி தளத்தில் அறியலாம். தொலைந்த கருவியையும் அங்கேயே முடக்கலாம். இதற்குத் தேவைப்படும் 15 இலக்கக் கருவி எண்ணை *#06# என அழுத்திப் பார்த்து முன்னதாகவே குறித்து வைத்தல் வேண்டும்.

காரைக்காலில் சில கல் தொலைவிலேயே மாநில எல்லை வந்துவிடுவதால், நாகப்பட்டினத்தில் களவுபோன செல்பேசிக்கு எங்கு முறையிடுவது என்னும் ஐயம் எழுவதுண்டு. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்சா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம்.

விமர்சனங்கள்

2023ஆம் ஆண்டுச் சட்டம், அறிவிக்கை ஒன்றின் மூலம் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க இடந்தருகிறது என்பது முதன்மையான விமர்சனம். இது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவல் பற்றிய பிரிவைத் திருத்தியதும் எதிர்ப்புக்கு உள்ளானது. மேலும், மேற்கூறிய வழிமுறைகள் யாவும் தனிமனிதர் தம் கையில் உள்ளதைக் காக்க உதவுபவை. மானியத்துக்காகவோ வங்கிக்காகவோ ஏற்கெனவே கொடுத்துவிட்ட எண்ணை அவற்றால் திரும்பப் பெற முடியாது. அதனைக் காக்கும் பொறுப்பு, பெற்றுக்கொண்ட அமைப்பையே சாரும். 2021ஆம் ஆண்டு வழக்கில் உயர் நீதிமன்றம் ஆணையத்திடம் விளக்கம் கேட்டதும் இப்பொறுப்பைப் பற்றியே ஆகும்.