இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்பு இல்லம்: செலவும் துணையும்

எமது கல்லூரியின் மடியில் வளர்ந்தோருட் பலர் மேற்படிப்பின் பொருட்டும் தொழிலின் பொருட்டும், 1983 ஆம் ஆண்டின் பின்னர் உயிர்க்காப்பின் பொருட்டும் இங்கிலாந்து சென்றனர். அன்று இளைஞராய்ச் சென்றோர் இன்று எழுபதும் எண்பதும் கண்டுவிட்டனர். பிள்ளைகளோ தொழில் காரணமாக வேறு நகரங்களில் வாழ்கின்றனர். ஆகவே, முன்னர் எம்மவர் சொல்லவும் கூசிய பராமரிப்பு இல்லம் இன்று பல குடும்பங்களிற் பேச்சுப்பொருளாகிவிட்டது. அவ்வில்லங்களின் செலவு யாது, அதற்குத் துணை எங்கே கிட்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

என் வகுப்புத் தோழர் ஒருவருக்கு நேர்ந்ததை முதலிற் கூறுகின்றேன். அவருடைய மனைவியார் பாரிசவாதத்தால் வீழ்ந்து ஆறு கிழமை வைத்தியசாலையிற் கிடந்தார். பின்னர், இரண்டு நாளில் ஓர் இல்லத்தைத் தெரிவு செய்யுமாறு அங்குள்ளோர் கூறினர். தோழர் முதலிற் கண்ட இல்லத்திற் கையொப்பமிட்டார். கட்டணம் கிழமைக்கு 1,300 பவுண். பதினான்கு மாதங்களில் ஏறக்குறைய 79,000 பவுண் கரைந்தது. “மதிப்பீடு கேட்டீரா?” என்று வினவினேன். “அப்படி ஒன்று உண்டென்றே நான் அறியேன்” என்றார். கணக்கியலில் ஆயுட்காலம் முழுவதும் உழைத்தவர் அவர். கணக்கு அறியாமையன்று, வழி அறியாமையே அவரை வருத்தியது.

இவ்விடர்ப்பாட்டின் வேர் 1948 ஆம் ஆண்டில் உள்ளது. அவ்வாண்டு யூலை 5 ஆந் தேதி தேசிய சுகாதார சேவை தொடங்கிற்று. நோய்க்குரிய சிகிச்சை யாவர்க்கும் இலவசமாயிற்று. ஆனால் அதே ஆண்டின் தேசிய உதவிச் சட்டம், முதியோரைத் தங்கவைத்துப் பேணும் பொறுப்பை உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைத்து, அவரவர் வசதிக்கேற்பக் கட்டணம் அறவிட இடமளித்தது. சுகாதாரம் எனின் இலவசம். பராமரிப்பு எனின் கட்டணம். இப்பிரிவு 2014 ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின் பின்னும் நிலைத்துள்ளது. ஆதலால், ஒருவருடைய தேவை இவ்விரண்டனுள் எதனைச் சார்ந்தது என்பதே முதலிற் கேட்கவேண்டிய வினா.

இனி, இல்லங்களை ஒப்பிடும் முறையை நோக்குவோம். எம் நாட்டில் ‘நேர்சிங் ஹோம்’ என்றால் தனியார் வைத்தியசாலையை எண்ணுவோம். இங்கிலாந்தில் அது, பயிற்சிபெற்ற தாதியர் இரவும் பகலும் கடமையில் இருக்கும் முதியோர் இல்லம். தாதியர் இன்றி உணவு, நீராட்டு, உடுத்தல் ஆகியவற்றுக்கு மட்டும் உதவும் இல்லம் வேறு. அதன் கட்டணம் குறைவு. தேவையற்றவரைத் தாதியர் இல்லத்திற் சேர்ப்பது வீண்செலவு. தேவையானவரை மற்றையதிற் சேர்ப்பது ஆபத்து. இல்லத்தின் தரத்தைப் பராமரிப்புத் தர ஆணைக்குழு நான்கு படிகளாக வகுத்து வெளியிடுகின்றது. அவ்வறிக்கையை வாசியாது இல்லத்திற் காலடி வைத்தல் ஆகாது.

கட்டணத்தைக் கேட்கும்போது, அதனுள் அடங்கியவை எவை, அடங்காதவை எவை, ஆண்டுதோறும் எவ்வளவு உயரும், நோயாளி வைத்தியசாலைக்குச் சென்றால் அறைக்குப் பணம் கட்டவேண்டுமா என்பவற்றை எழுத்திற் பெறவேண்டும். மரக்கறி உணவு கிட்டுமா என்பதையும் அன்றே கேட்டறிதல் நலம். சந்தைகளை ஆராயும் அரச அதிகாரசபை 2017 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, ஒரே இல்லத்தில் மன்றம் செலுத்துவதைவிடச் சொந்தப் பணம் செலுத்துவோர் சராசரியாக நூற்றுக்கு 41 வீதம் கூடுதலாகச் செலுத்தினர். எனவே, “சேமிப்புக் குறைந்தபின் மன்றத்தின் கட்டணத்தை ஏற்பீர்களா?” என்று முன்கூட்டியே கேட்டுவிடுக. கேளாதோர், பழகிய அறையை விட்டு முதுமையில் மீண்டும் இடம்பெயர நேரிடலாம்.

துணைகளுள் முதன்மையானது ‘கொன்ரினியூயிங் ஹெல்த்கெயர்’ எனப்படும் தொடர் சுகாதாரப் பராமரிப்பு. ஒருவருடைய தலையாய தேவை சுகாதாரத் தேவை என முடிவாயின், இல்லத்தின் முழுச் செலவையும் தேசிய சுகாதார சேவையே ஏற்கும். சொத்து எவ்வளவு என்று எவரும் வினவார். நோயின் பெயர் இங்கு முக்கியமன்று; தேவையின் தன்மை, கடுமை, சிக்கல், முன்னறிய இயலாமை ஆகிய நான்குமே நோக்கப்படும். முதலில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல். அதிற் தேறின் பன்னிரண்டு துறைகளில் விரிவான மதிப்பீடு நடைபெறும். 1999 ஆம் ஆண்டில் பமெலா கோக்லன் என்னும் அம்மையார் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்ற வழக்கு இவ்வுரிமைக்கு வலுவூட்டிற்று. பலர் இதிற் தேறுவதில்லை என்பது மெய். ஆயினும் கேட்பது உரிமை. மறுக்கப்படின் மீளாய்வு கோருவதும் உரிமை.

அதிற் தேறாதவர், தாதியர் இல்லத்தில் தாதியின் பராமரிப்புத் தேவைப்பட்டால், அதற்குரிய பங்கைச் சுகாதார சேவை நேரே இல்லத்துக்குச் செலுத்தும். 2025-26 நிதியாண்டில் இது கிழமைக்கு 254.06 பவுண். இத்தொகை கட்டணத்திற் கழிக்கப்பட்டதா என்று பாருங்கள். இதனைவிட, இளைப்பாறும் வயதை எட்டி, ஆறு மாதங்களாகப் பிறர் உதவி தேவைப்படுவோருக்கு ‘அற்றென்டன்ஸ் அலவன்ஸ்’ என்னும் கொடுப்பனவு உண்டு. அதே ஆண்டில் அது தேவைக்கேற்பக் கிழமைக்கு 73.90 அல்லது 110.40 பவுண். வருமானமோ சேமிப்போ இதற்குத் தடையல்ல. வீட்டில் இருப்போரும் பெறலாம். இல்லத்துச் செலவை மன்றம் ஏற்றால் 28 நாட்களின் பின் இது நின்றுவிடும்.

அடுத்தது உள்ளூராட்சி மன்றத்தின் உதவி. 2025-26 விதிப்படி, மூலதனம் 23,250 பவுணுக்கு மேற்பட்டவர் முழுச் செலவையும் தாமே ஏற்கவேண்டும். 2010 முதல் இவ்வெல்லை உயர்த்தப்படவில்லை. 14,250 பவுணுக்கு உட்பட்ட சேமிப்புக் கணக்கில் எடுக்கப்படமாட்டாது. இடைப்பட்ட தொகையில் ஒவ்வொரு 250 பவுணுக்கும் கிழமைக்கு ஒரு பவுண் வருமானம் உண்டெனக் கொள்வர்.

ஓர் உதாரணம் காண்போம். கைம்பெண் ஒருவருக்குக் கிழமைக்கு 300 பவுண் இளைப்பாற்றுச் சம்பளமும் 20,000 பவுண் சேமிப்பும் உள்ளன. எல்லைக்கு மேற்பட்ட 5,750 பவுணுக்கு 23 பவுண் சேர்த்தால் வருமானம் 323 பவுண். கைச்செலவுக்கென 30.65 பவுண் விட்டு, எஞ்சிய 292.35 பவுணை அவர் செலுத்துவார். மன்றம் ஏற்ற கட்டணம் 900 பவுணாயின் மீதி 607.65 பவுணை மன்றமே கொடுக்கும்.

வீடு என்னாகும் என்பதே எம்மவரைப் பெரிதும் அஞ்சவைப்பது. கணவனோ மனைவியோ, 60 வயதை எட்டிய உறவினரோ, உடல் நலிவுற்ற உறவினரோ அவ்வீட்டில் வசித்துவந்தால் அது கணக்கிற் சேராது. தனியே வாழ்ந்தவர் நிரந்தரமாக இல்லம் புகுந்தால், ஏனைய சேமிப்பு எல்லைக்கு உட்பட்டிருப்பின், முதற் 12 கிழமைகளுக்கு வீடு விலக்கப்படும். அதன் பின்னும் உடனே விற்கவேண்டியதில்லை. மன்றம் வீட்டின் மீது பொறுப்பு எழுதிக்கொண்டு செலவைச் செலுத்தி, பின்னர் வட்டியுடன் அறவிடும் ஒழுங்கு 2015 முதல் நாடெங்கும் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. யாழ்ப்பாணத்தில், சீவிய உரித்தைத் தமக்கு வைத்துக்கொண்டு வீட்டைப் பிள்ளைக்கு நன்கொடை உறுதி முடித்துக் கொடுத்தல் வழமை. அதே எண்ணத்துடன் இலண்டன் வீட்டையும் எழுதிக்கொடுக்கும் பெற்றோர் உளர். பராமரிப்புக் கட்டணத்தைத் தவிர்க்கும் நோக்குடன் அவ்வாறு செய்ததாக மன்றம் கருதின், அவ்வீடு இன்னும் அவருடையதே எனக் கணிக்கும். ஏழாண்டு கழிந்தாற் போதும் என்பது மரணச் சொத்துவரியின் விதியே தவிர, இதற்குரியதன்று. ஊரிலுள்ள காணியும் மூலதனமே. அதனை மறைத்தல் தகாது. உறுதி எழுதுமுன் சட்டத்தரணியின் ஆலோசனையைப் பெறுக. அறிவு தெளிவாயிருக்கும் காலத்திலேயே, 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நம்பிக்கைக்குரியவருக்கு நிலையான அற்றோணித் தத்துவம் வழங்கிவைத்தலும் அவசியம்.

இவ்விதிகள் இங்கிலாந்துக்குரியவை. ஸ்கொத்லாந்தில் 2002 முதல் தனிப்பட்ட பராமரிப்புக்கு அரசு பணம் செலுத்துகின்றது. வேல்சில் 2019 முதல் மூலதன எல்லை 50,000 பவுண். இங்கிலாந்தில் ஒருவர் ஆயுளிற் செலுத்தும் தொகைக்கு 86,000 பவுண் உச்சவரம்பு வருமென 2021 இற் கூறப்பட்டது. 2024 யூலையில் அத்திட்டம் கைவிடப்பட்டது. அதனை நம்பிக் காத்திருப்பதிற் பயனில்லை.

இறுதியாக ஒன்று. பிறரிடம் கையேந்தலாமோ என்னும் மான உணர்ச்சி எம்மவரிடம் ஆழ வேரூன்றியது. அது நற்குணமே. ஆயினும், நாற்பதாண்டு வரி செலுத்தியவர் தமக்குரிய மதிப்பீட்டைக் கேட்பது இரத்தலன்று. செல்வர்க்கும் வறியவர்க்கும் அம்மதிப்பீட்டைச் செய்து கொடுப்பது மன்றத்தின் கடமை. எனவே கையொப்பமிடுமுன் மதிப்பீடு கேளுங்கள். வீட்டை விற்குமுன் விதிகளை அறியுங்கள். நோய் வருமுன் பிள்ளைகளோடு மனந்திறந்து பேசுங்கள். என் தோழர் இவற்றைப் பிந்தி அறிந்தார். இம்மலரை வாசிக்கும் பழைய மாணவர் முந்தி அறிந்து, அயலிலுள்ள முதியோர்க்கும் எடுத்துரைப்பாராயின் இக்கட்டுரை தன் பயனை எய்தியதாகும்.