வாகனத்தை விற்பனை நிலையத்தில் ஒப்படைக்கும் முன்

சில ஆண்டுகளுக்கு முன்னர், காலபோக விதைப்புக்குச் சற்று முந்திய நாட்களில், கற்பிட்டிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பத் தலைவர் தமது மருமகனையும் அழைத்துக்கொண்டு எம்மிடம் வந்தார். 1990 ஒக்டோபரில் மன்னார் மாவட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டு இக்கரைக்கு வந்து சேர்ந்த குடும்பம் அது. முகாமில் பல காலம் இருந்து, வெங்காயத் தோட்டங்களில் கூலிக்கு நின்று, பின்னர் குத்தகைக்குத் தோட்டம் செய்து, இறுதியில் ஒரு சிறிய லொறியையும் வாங்கியிருந்தார்கள். கற்பிட்டியிலும் நுரைச்சோலையிலும் விளையும் மரக்கறியைத் தம்புள்ளைச் சந்தைக்கு ஏற்றுவதே அந்த லொறியின் வேலை.

ஊரில் தந்தை வழி வந்த வயல் காடாகிக் கிடந்தது. லொறியை விற்று, அந்தப் பணத்தில் காடு வெட்டி, வரம்பு கட்டி, மழைக்கு முன் விதைப்பது என்று தீர்மானித்தார்கள். வாகன விற்பனை நிலையம் ஒன்றில் லொறியைக் கொமிசனுக்கு ஒப்படைத்தார்கள். நிலையத்தார் கேட்ட இடங்களில் எல்லாம் கையொப்பம் வைத்துக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது லொறி அங்கே இல்லை. "விற்றாயிற்று, வாங்கியவர் மிச்சக் காசு தரவில்லை" என்றார்கள். அதற்கிடையில், கண்டிராத ஓர் ஊரில் அந்த லொறி சம்பந்தப்பட்ட விபத்தொன்றை விசாரிக்கப் பொலிசார் இவர்களைத் தேடி வந்துவிட்டனர்.

"லொறியும் இல்லை, காசும் இல்லை, வழக்கு மட்டும் எங்கட பேரில இருக்கு ஃபாதர்" என்றார் அவர்.

இதே போன்ற முறைப்பாடுகளை நாம் வேறு குடும்பங்களிடமும் கேட்டிருக்கிறோம். லொறி, வான், முச்சக்கர வண்டி, மோட்டார் சைக்கிள், இருசக்கர உழவு இயந்திரம் என்று வாகனம் மாறுகிறதே தவிர, கதை மாறுவதில்லை. எனவே இம்முறை இந்த விடயத்தைச் சற்று விரிவாக விளக்க முற்படுகிறோம்.

மூன்று வழிகள்

பாவித்த வாகனத்தை மூன்று வழிகளில் விற்கலாம்.

முதலாவது, தெரிந்த ஒருவருக்கோ விளம்பரம் பார்த்து வருபவருக்கோ நேரடியாக விற்பது. தரகு இல்லை. ஆனால் அலைச்சல் அதிகம்.

இரண்டாவது, விற்பனை நிலையத்துக்கே ஒரே விலையில் விற்றுவிடுவது. பணம் உடனே கைக்கு வரும். ஆனால் வியாபாரி தமது இலாபத்தையும், விற்கும் வரை முடங்கும் முதலையும் கணக்கிட்டே விலை சொல்வார். ஆகவே விலை குறையும்.

மூன்றாவது, வாகனத்தை நிலையத்தில் நிறுத்தி, விற்றுத் தந்தால் கொமிசன் தருவதாக ஒப்புக்கொள்வது. பலர் வந்து பார்க்கும் இடம் என்பதால் நல்ல விலை கிடைக்க வாய்ப்புண்டு. நிலையத்தாரும் முதல் போடத் தேவையில்லை. ஆனால் இந்த வழியில் விற்பனை முடியும் வரை நட்டத்தின் பாரம் முழுவதும் உங்கள் தலையிலேயே இருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

வாகனம் யாருடையது?

கொமிசனுக்கு ஒப்படைத்த வாகனம் உங்களுடையதே. நிலையத்தார் அதன் உரிமையாளர் அல்லர். உங்கள் முகவர் மட்டுமே. முஸ்லிம் சகோதரர்கள் அமானிதம் என்று சொல்வார்களே, அதுபோன்ற ஒரு பொருளாகவே அது அவர்களது வளவில் நிற்கிறது.

எமது நாட்டில் முகவர் பற்றிய விடயங்களில் ஆங்கிலச் சட்டமே பின்பற்றப்படுகிறது. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதற்கு வழிசெய்தது. அச்சட்டத்தின்படி முகவர் உங்கள் நன்மைக்காக நடக்க வேண்டும். விற்ற விலையை மறைக்கக் கூடாது. உங்களுக்குத் தெரியாமல் வாங்குபவரிடமும் தரகு பெறக் கூடாது. உங்களுக்குச் சொல்லாமல் தாமே வாங்கிக்கொள்ளவும் கூடாது. பெற்ற பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். நீங்களே வாகனத்தையும் கையொப்பமிட்ட கடதாசிகளையும் முகவரிடம் கொடுத்திருந்தால், அதை நம்பிப் பணம் செலுத்தி வாங்கிய மூன்றாம் ஆளிடமிருந்து வாகனத்தைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். அவரை நம்பச் செய்தது உங்கள் கையொப்பமே. அதன் பின் முகவரைத் துரத்திப் பணம் கேட்பதே பெரும்பாலும் எஞ்சும் வழி.

கொமிசன் இரண்டு விதம்

ஒன்று வீதக் கொமிசன். விற்ற விலையில் நூற்றுக்கு இவ்வளவு என்று பேசுவது. மற்றது 'கைக்கு வரும் விலை' பேசுவது. "உங்களுக்கு இவ்வளவு தருகிறோம், மேலே கிடைப்பது எங்களுக்கு" என்பார்கள்.

கணக்கு விளங்குவதற்காக ஓர் உதாரணம் பார்ப்போம். லொறி 20 இலட்சம் ரூபாவுக்கு விலைபோகிறது. நூற்றுக்கு 3 வீதம் கொமிசன் என்றால் நிலையத்துக்கு 60,000 ரூபா. உங்களுக்கு 19 இலட்சத்து 40,000 ரூபா. அதே லொறிக்குக் கைக்கு வரும் விலையாக 18 இலட்சம் என்று நீங்கள் ஒப்பியிருந்தால், நிலையத்துக்கு 2 இலட்சம் போகிறது. இது 10 வீதம். கொமிசன் என்ற பேச்சே எழாதபடியால், "தரகு இல்லாமல் விற்றுத் தந்தார்கள்" என்று நீங்கள் நன்றியும் சொல்லிவிட்டு வருவீர்கள்.

இரண்டாவது முறை சட்டத்துக்கு மாறானது என்று நாம் சொல்லவில்லை. தெரிந்து ஒப்புக்கொண்டால் அது ஒப்பந்தமே. ஆனால் சந்தை விலை அறியாதவர் அதில் இழக்கிறார். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது பாவித்த வாகனங்களின் விலை வெகுவாக ஏறியது. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. அந்த இடைக்காலத்தில் பழைய விலையையே மனதில் வைத்துக் 'கைக்கு வரும் விலை' பேசியவர்கள் எவ்வளவு இழந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே விலை பேசும் முன் குறைந்தது மூன்று இடங்களில் விசாரியுங்கள். அதே ஆண்டு, அதே வகை வாகனம் பத்திரிகை விளம்பரங்களில் என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள்.

'முற்பணம் தருகிறோம்' என்ற பேச்சிலும் கவனம் தேவை. அவசரத்துக்கு வாங்கும் அந்தச் சிறு தொகைக்குப் பின்னர் வட்டி கழிப்பார்கள். அதைத் திருப்பிக் கொடுக்கும் வரை வாகனத்தை விடவும் மாட்டார்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று முன்னோர் சும்மா சொல்லவில்லை.

எழுத்தில் இருக்க வேண்டியவை

வாய்ப் பேச்சு போதாது. ஒரு தாளில் எழுதி, இரு தரப்பும் இரண்டு சாட்சிகளும் ஒப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். அதில் பின்வருவன இருக்கட்டும்:

1. வாகன இலக்கம், எஞ்சின் இலக்கம், செசி இலக்கம், ஒப்படைத்த நாள், அன்று மீற்றர் காட்டிய கிலோமீற்றர்.
2. இதற்குக் குறைந்து விற்கக் கூடாது என்ற அடிவிலை.
3. கொமிசன் எவ்வளவு, எந்த விலையின் மேல் என்பது. விளம்பரம், கழுவுதல், தரிப்பிடம் என்று வேறு கழிவுகள் உண்டா என்பது. எழுதாத கழிவு எதுவும் இல்லை என்றும் சேர்த்து எழுதுங்கள்.
4. எத்தனை நாட்களுக்கு இந்த ஒப்படைப்பு. அதற்குள் விற்காவிட்டால் கட்டணமின்றித் திரும்ப எடுக்கும் உரிமை. நீங்களே ஒருவரைத் தேடிப் பிடித்து விற்றால் கொமிசன் உண்டா, இல்லையா என்பது.
5. நிலையத்தில் நிற்கும்போது வாகனத்தை யார் ஓட்டலாம், சேதமானால் யார் பொறுப்பு என்பது. மூன்றாந் தரப்புக் காப்புறுதி மட்டுமே இருந்தால், உங்கள் வாகனத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு அதில் ஒரு சதமும் கிடைக்காது.
6. பணம் எப்போது, எவ்வாறு தரப்படும் என்பது.

ஜப்பானில் பாவித்த வாகனங்களை ஏலத்தில் விடும் முன் ஒவ்வொன்றையும் பரிசோதித்து, அதன் குறைகளை ஒரு தாளில் எழுதிவைப்பது வழக்கம். விற்பவரும் வாங்குபவரும் அந்த ஒரே தாளைப் பார்க்கிறார்கள். எமது கிராமத்து லொறிக்கு அப்படித் தாள் இல்லை. ஆகவே நாமே அதை எழுத வேண்டும். டயர், பற்றரி, மேலதிகச் சில்லு, உபகரணப் பெட்டி எல்லாவற்றையும் குறித்து, நான்கு பக்கமும் படம் பிடித்து வையுங்கள். புதிய பற்றரியோடு போன வாகனம் பழைய பற்றரியோடு திரும்பிய சம்பவங்களையும் நாம் அறிவோம்.

ஒப்பந்தம் சிங்களத்தில் அச்சிடப்பட்டிருந்தால் அந்த இடத்திலேயே கையொப்பமிட வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசிக்கத் தெரிந்த நம்பிக்கையான ஒருவரிடம் காட்டி, ஒவ்வொரு வரியும் விளங்கிய பின்னரே ஒப்பமிடுங்கள். கொண்டுபோக விடமாட்டோம் என்பவரிடம் வாகனத்தை விடாதீர்கள்.

'ஓப்பன் பேப்பர்' என்னும் பொறி

உரிமை மாற்றப் படிவத்தில் வாங்குபவரின் பெயரையும் திகதியையும் வெறுமையாக விட்டு, விற்பவர் மட்டும் ஒப்பமிட்டுக் கொடுப்பதையே 'ஓப்பன் பேப்பர்' என்கிறார்கள். அந்தக் கடதாசியோடு வாகனம் நான்கைந்து கை மாறலாம். திணைக்களத்தின் பதிவில் மட்டும் நீங்களே உரிமையாளராக இருப்பீர்கள். விபத்தோ, தண்டப் பணமோ, சட்டவிரோதப் பொருள் கடத்தலோ நடந்தால் பொலிசார் முதலில் தேடுவது உங்களையே.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இதற்கு ஒரு வழி சொல்கிறது. வாகனம் கை மாறி 14 நாட்களுக்குள், மாறிய நாளையும் புதிய உரிமையாளரின் பெயர், முகவரியையும் பழைய உரிமையாளர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். புதியவரும் அதே காலத்துக்குள் தம் பெயரில் பதிய விண்ணப்பிக்க வேண்டும். அறிவித்தலைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டையும் பிரதியையும் பத்திரப்படுத்துங்கள். சில நூறு ரூபாவுக்குள் முடியும் இந்தக் காரியம் பின்னர் பல இலட்சங்களைக் காப்பாற்றும்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிலருடைய பதிவுப் புத்தகத்தில் பழைய முகாமின் முகவரி இருக்கிறது. அடையாள அட்டையில் மன்னார் முகவரி இருக்கிறது. குடியிருப்பதோ தில்லையடியிலோ பாலாவியிலோ. அனுப்பப்படும் கடிதம் கைக்கு வராமலே நாட்கள் கடந்துவிடும். எனவே விற்கும் முன் முகவரியைச் சரிசெய்து கொள்ளுங்கள். பதிவுப் புத்தகம் தொலைந்திருந்தால் பொலிசில் முறையிட்டு, அதன் பிரதியுடன் திணைக்களத்தில் இரண்டாம் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம்.

லீசிங் கடன் தீராத வாகனமாயின், பதிவுப் புத்தகத்தில் நிதி நிறுவனமே முழு உரிமையாளர் என்று குறிக்கப்பட்டிருக்கும். அந்நிறுவனம் விடுவிக்காமல் உரிமையை மாற்ற முடியாது. எஞ்சிய கடன் எவ்வளவு என்று எழுத்தில் பெற்று, வாங்குபவரின் பணத்தில் அதை முதலில் அடைத்து, மிகுதியை நீங்கள் பெறுவதே ஒழுங்கு. "தவணையை வாங்குபவர் கட்டுவார்" என்ற வாய்ப்பேச்சை நம்பிக் கொடுத்தால், அவர் கட்டாத நாளில் நிறுவனம் உங்கள் கதவையே தட்டும்.

பணம் கைக்கு வரும் நேரம்

எமது ஆலோசனை இதுதான். நிலையத்தார் வாகனத்தைக் காட்டட்டும், விலை பேசட்டும். ஆனால் மாற்றப் படிவத்தில் நீங்கள் ஒப்பமிடுவது, வாங்குபவரும் நிலையத்தாரும் நீங்களும் ஒரே மேசையில் இருக்கும் நாளில் மட்டுமே. வங்கியில் வைத்துச் செய்தால் இன்னும் நல்லது. பணம் உங்கள் கணக்கில் விழுந்ததைக் கண்ட பின் ஒப்பமிடுங்கள். வாங்குபவரின் அடையாள அட்டைப் பிரதியைப் பெற்று, ஒப்படைத்த நாளையும் நேரத்தையும் எழுதி, அவரிடம் ஒப்பம் வாங்குங்கள்.

காசோலை தந்தால், அது மாறிப் பணமாகும் வரை சாவியைக் கொடுக்காதீர்கள். கணக்கில் பணமில்லை என்று தெரிந்தே காசோலை கொடுப்பது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் குற்றம்தான். ஆனால் வழக்கு முடியும் வரை வயல் காத்திராது. அற்றோர்னித் தத்துவம் எழுதிக் கொடுக்கும்படி கேட்டால், சட்டத்தரணி ஒருவரைக் காணாமல் சம்மதிக்க வேண்டாம்.

பிணக்கு வந்துவிட்டால்

முதலில், நடந்ததைத் திகதி வாரியாக எழுதி, கணக்கும் பணமும் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். அடுத்து, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபையை நாடலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை, செலவும் இல்லை. உங்களுக்காகப் பெற்ற பணத்தை முகவர் தமதாக்கிக் கொண்டிருந்தால் அது நம்பிக்கை மோசடிக் குற்றமாகவும் ஆகலாம், பொலிசில் முறையிடலாம். வழக்குக்குப் போக வசதியில்லாதவர்கள் 1978இல் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவிடம் உதவி கோரலாம். எங்கே போனாலும் முதலில் கேட்பது எழுத்தைத்தான். அந்த ஒரு தாள் இல்லாதவர் எல்லா இடத்திலும் கைவிரித்து நிற்க வேண்டியவராகிறார்.

ஆரம்பத்தில் சொன்ன குடும்பத்திடம் ஒப்பந்தம் இல்லை. ஆயினும் லொறியை ஒப்படைத்த அன்று மருமகன் பிடித்த இரண்டு படங்களும், நிலையத்தார் எழுதிக் கொடுத்த ஒரு துண்டுச் சீட்டும் இருந்தன. கடிதம் எழுத நாம் உதவினோம். மத்தியஸ்தர்கள் முன் பேசி, பணம் மூன்று தவணையாக வந்தது, முழுவதும் வரவில்லை. லொறியை வைத்திருந்தவரைத் தேடிப் பிடித்துப் பதிவையும் மாற்றினார்கள். விபத்து விசாரணையும் அதன் பின்னரே இவர்களை விட்டது.

எல்லாம் முடிந்தபோது மழை பெய்து ஓய்ந்திருந்தது. அந்தக் காலபோகம் அவர்களுக்குத் தவறிவிட்டது. அடுத்த ஆண்டுதான் விதைத்தார்கள்.

ஒருமுறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் நீங்கள். அதன் பின் இந்த மணலில் உழைத்துச் சேர்த்த பொருளை ஒரு கையொப்பத்தில் இழக்க வேண்டாம். வாகனத்தை ஒப்படைக்கத் தீர்மானித்தால், முந்திய நாள் மாலை குடும்பத்தாரோடு அமர்ந்து, மேலே சொன்ன ஆறு விடயங்களையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுத முடியாத இடம் எதுவோ, அதை நிலையத்தாரிடம் முதலில் கேளுங்கள்.